மொராதோ கலரில் ஒரு சேலை

காலை ஐந்து நாற்பதுக்கு முகுந்தன் எழுந்தான். கெட்டிலில் தண்ணீர் வைத்தான். மைலோ கலக்கினான். ரொட்டியில் வெண்ணெய் தடவினான். மகளை எழுப்பினான். அவள் எழவில்லை. மறுபடியும் எழுப்பினான்.

மலர்விழிக்கு ஏழு வயது. தமிழ்ப்பள்ளியில் ஒன்றாம் ஆண்டு. வெள்ளைச் சட்டை, நீலப் பினஃபோர், இரட்டைப் பின்னல். பின்னல் போடுவதை முகுந்தன் யூடியூபில் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தான். இடது பக்கம் சரியாக வரும். வலது பக்கம் அவிழ்ந்துவிடும்.

"அப்பா, ரைட் சைடு லூசா இருக்கு."

"ஸ்கூல் வரைக்கும் தாங்கும்."

"நேத்து வேன்லயே அவுந்துடுச்சு."

"இன்னைக்குத் தாங்கும்."

ஆறரைக்குப் பள்ளி வேன் வந்தது. அவள் ஏறினாள். அவன் மேலே வந்து இரண்டு கோப்பைகளைக் கழுவினான். மனைவி சுகுணாவின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினான். கதவைப் பூட்டினான். பூட்டியிருக்கிறதா என்று மூன்று தடவை இழுத்துப் பார்த்தான். சுகுணா போய்ப் பதினாலு மாதம். பதினாலு மாதமும் இதே வரிசைதான். எதையாவது மாற்றினால் இன்னும் ஏதோ கைவிட்டுப் போய்விடும் என்று அவனுக்குப் பயம்.

லிஃப்டில் இறங்கும்போது கைப்பேசி அதிர்ந்தது. தனலெட்சுமி அக்காவின் குரல் பதிவு. அதுவும் அந்த வரிசையில் சேர்ந்ததுதான்.

"தம்பி, சாப்டியா? புள்ள ஸ்கூலுக்குப் போயிட்டாளா? நான் சொன்னத யோசிச்சியா? ஒத்த ஆளா நீ என்னத்தப் பாப்பே. புள்ளைய என்கிட்ட விடு. இங்கயும் ஸ்கூலு இருக்கு. யோசி, என்ன?"

தனலெட்சுமி சுகுணாவின் மூத்த அக்கா. ஐந்து பேரில் அவர் முதல், சுகுணா கடைசி. சுகுணாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். ஐம்பத்தொரு வயது. கணவர் இல்லை. மகன் ரிஷிக்குச் சிங்கப்பூரில் வேலை. காப்பாரில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் தனியாக இருந்தார். சுகுணாவின் கருமாதி முடிந்த அன்று மாலை முதல்முறையாகச் சொன்னார். அதன் பிறகு சொல்லாத வாரமே இல்லை.

முடியாது என்று சொல்ல முகுந்தனால் முடியவில்லை. வயதில் மூத்தவர். மனைவியை வளர்த்தவர். கேட்பதும் குழந்தையின் நல்லதுக்குத்தான். எனவே ஒவ்வொரு தடவையும் "பாக்கலாம்க்கா" என்று பதில் அனுப்பினான். அக்காவும் "சரி, பாரு" என்று விட்டுவிடுவார்.

ஆனால் முகுந்தனுக்குத் தெரியும். முதலில் வார நாட்களுக்கு என்று போவாள். பிறகு பள்ளி விடுமுறைக்கும் அங்கேயே இருப்பாள். பிறகு ஒருநாள் அவன் போய் நிற்கும்போது, வீட்டுக்கு வந்த அங்கிளைப் பார்ப்பதுபோல எட்டிப் பார்ப்பாள்.

"பாக்கலாம்க்கா" என்று பதில் அனுப்பிவிட்டு வேலைக்குப் போனான்.

*

அலுவலகம் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பத்தொன்பதாம் மாடியில் இருந்தது. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வரும் கேள்விகளுக்கு அங்கே உட்கார்ந்து பதில் சொல்வார்கள். முகுந்தன் ஆங்கிலப் பிரிவில் ஆறு வருடமாக இருந்தான். அன்று செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்கு மேலாளர் குமுதா எல்லோரையும் கூப்பிட்டார்.

"ஒண்ணாந்தேதிலேர்ந்து இங்கிலீஷ் டெஸ்க் நைட்டுக்குப் போகுது. ஒம்போதுலேர்ந்து காலைல ஆறு. அமெரிக்கா டைம். என்னால ஒண்ணும் செய்ய முடியாது, மேல முடிவு பண்ணிட்டாங்க."

பள்ளி விட்டதும் மகள் போய் இருக்கும் டேகேர் ஏழு மணிக்கு மூடிவிடும். இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மலர்விழி யாருடன் இருப்பாள்? உலகத்தில் அந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அது காப்பாரில் இருந்தது.

"ஒரு புது ப்ராஜெக்ட் மட்டும் டே ஷிப்ட்" என்றார் குமுதா. "எட்டுப் பேர் வேணும். இங்கிலீஷ் பேசறவங்களுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்குடுக்கற ஆப். முதல் பாடம், கலர்ஸ். விவரமெல்லாம் மெயில்ல அனுப்பியிருக்கேன். படிச்சிட்டு வந்து சொல்லுங்க."

முகுந்தன் மெயிலைத் திறந்தான். நான்கு பக்கம் இணைப்பு. முதல் பக்கத்தில் 'ஸ்பானிஷ் மொழி நிலை' என்று தடித்த எழுத்தில் ஒரு தலைப்பு. அவன் மூடிவிட்டான். பயம் வந்தால் முகுந்தன் படிப்பதில்லை. சுகுணாவின் மருத்துவ அறிக்கைகளையும் அவன் கடைசிப் பக்கம் வரை படித்ததில்லை.

படிப்பதற்குப் பதில் குமுதாவின் பின்னால் ஓடினான். லிஃப்ட் கதவு மூடும் நேரம்.

"மிஸ், எனக்கு ஸ்பானிஷ் தெரியும்."

குமுதா திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கா?"

"ஆமா மிஸ். கலர்ஸ் எல்லாம் தெரியும்."

"ஐயையோ" என்றார் குமுதா.

வியந்துபோய்ச் சொல்கிறார் என்று முகுந்தன் நினைத்தான்.

"நெஜமாவா? ஒண்ணு ரெண்டு வார்த்தை தெரிஞ்சிருக்கும் லா. அதெல்லாம் கணக்கில்ல."

"இல்ல மிஸ். நல்லாவே தெரியும்."

குமுதா அவனை ஒரு நிமிடம் பார்த்தார். இந்த மனிதனுக்கு உதவி செய்ய நினைத்தேனே என்பதுபோல் இருந்தது பார்வை. "சரி. கிளையன்ட் ஒரு டெஸ்ட் வெச்சிருக்காங்க. திங்கக்கெழம காலைல, வீடியோ கால். உங்க பேரப் போடறேன். ஆனா ஒண்ணு சொல்றேன் முகுந்தன். அங்க போயி ரொம்பப் பேசாதீங்க."

"பேசமாட்டேன் மிஸ்."

அடக்கமாக இருக்கச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டான்.

அவனுக்கு ஸ்பானிஷில் அப்போது ஒரு சொல்லும் தெரியாது. இன்னும் ஆறு நாள் இருந்தது.

*

அன்று சாயந்திரமே கைப்பேசியில் ஓர் இலவசச் செயலியை இறக்கினான். சோஃபியா என்ற பெண் குரல் பாடம் நடத்தியது. சிவப்புக் கட்டம் வந்தால் ரோஹோ. நீலத்துக்கு அசூல். பச்சைக்கு வெர்தே. மஞ்சளுக்கு அமரீயோ. தப்பாகச் சொன்னால் சோஃபியா ஆங்கிலத்தில் "மறுபடி முயற்சி செய்" என்றாள். சரியாகச் சொன்னால் கைதட்டினாள்.

முகுந்தனுக்கு வேர்த்தது. மலர்விழி வண்ணப் பென்சில் பெட்டியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் அவளுக்கு எட்டு நிறம் தெரிந்துவிட்டது. அவனுக்கு மூன்று.

"அப்பா, இது ஈசி."

"எனக்கும் ஈசிதான்."

"அப்போ ஏன் இப்படி வேர்க்குது?"

இரண்டாம் நாள் சோஃபியா ஒரு குண்டைப் போட்டாள். பொருள் ஆண்பாலா பெண்பாலா என்று பார்த்துத்தான் நிறத்தைச் சொல்ல வேண்டுமாம். சட்டை பெண்பாலாம். கவுன் ஆண்பாலாம். சிவப்புச் சட்டைக்கு ரோஹா. சிவப்புக் கவுனுக்கு ரோஹோ. முகுந்தன் தன் சட்டையைக் குனிந்து பார்த்தான். இத்தனை வருடம் போட்டுக்கொண்டிருந்ததில் ஏதோ தவறு செய்துவிட்டதுபோல் இருந்தது. அசூலோ யாருக்காகவும் மாறவில்லை. அசூல்மேல் அவனுக்கு மரியாதை வந்தது.

கட்டங்களைப் பார்த்துச் சொல்வது போதாது என்று பட்டது. டெஸ்டில் உண்மையான பொருட்களைக் காட்டினால்? அலுவலகத்தில் உட்கார்ந்து முணுமுணுக்க முடியாது. ஏற்கெனவே தெரியும் என்று சொல்லியாயிற்று. மதிய உணவு நேரத்தில் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் நடந்தான். சேலைக்கடை வாசலில் முப்பது நாற்பது சேலைகள் வரிசையாகத் தொங்கின. உலகத்தில் உள்ள எல்லா நிறமும் அங்கே இருந்தது. முகுந்தன் அதற்கு முன்னால் நின்று உதட்டை அசைத்தான்.

"வாங்க சார், உள்ள வாங்க. இன்னும் நெறைய இருக்கு."

விற்பனையாளன் முகமது ரஃபீக். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து இரண்டு வருடம். பாயை விரித்தாற்போல் சேலைகளை விரிப்பவன்.

"இல்ல, சும்மா கலர் பாக்குறேன்."

"பாருங்க சார். பாக்குறதுக்குத்தானே வெச்சிருக்கோம். இது கிளிப்பச்சை. இது பாசிப்பச்சை. இது இலைப்பச்சை. இது ராமர் பச்சை."

வெர்தே, வெர்தே, வெர்தே, வெர்தே என்று முகுந்தன் மனதுக்குள் சொன்னான். பிறகு சந்தேகம் வந்தது. ஸ்பெயினில் ஒரே ஒரு பச்சையா இருக்கும்? மற்ற பச்சைகளைச் சோஃபியா மறைக்கிறாளா?

"இது மயில் கழுத்து சார். இப்படிப் பாத்தா நீலம், அப்படிப் பாத்தா பச்சை."

"இத டெஸ்ட்ல கேக்கமாட்டாங்கல்ல?" என்று முகுந்தன் கேட்டுவிட்டான்.

ரஃபீக் கொஞ்சம் யோசித்தான். "வீட்டுப் பொம்பளைங்க எத வேணும்னாலும் கேப்பாங்க சார்."

வியாழன் மீண்டும் போனான். வெள்ளியும் போனான். கல்லாவில் உட்கார்ந்திருந்த புனிதா மூன்று நாளாக அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒற்றை ஆம்பிளை. தினமும் வருகிறார். எதையும் வாங்குவதில்லை. சேலைகளைப் பார்த்துத் தானாகவே பேசிக்கொள்கிறார்.

"அண்ணே, நிச்சயதார்த்தத்துக்கா, கூரைச்சேலையா?"

முகுந்தன் அப்போது பழுப்பு நிறத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். மர்ரோன், மர்ரோன் என்று சொல்லிக்கொண்டே தலையாட்டினான்.

"நிச்சயதார்த்தமா?"

மறுபடியும் தலையாட்டினான். பயத்தில் இருக்கும்போது எதைக் கேட்டாலும் தலையாட்டுவது அவன் வழக்கம்.

புனிதாவின் வீடு காப்பாரில் இருந்தது. தனலெட்சுமி போகும் கோவிலுக்குத்தான் அவளும் போவாள். சுகுணாவின் கருமாதியில் முகுந்தனைப் பார்த்திருந்தாள். அன்று வெள்ளிக்கிழமை.

*

அன்று ஏழரைக்குக் கைப்பேசி அடித்தது. அக்கா எப்போதும் குரல் பதிவுதான் அனுப்புவார். அழைக்கமாட்டார். கடைசியாக அழைத்தது சுகுணா மருத்துவமனையில் இருந்தபோது. முகுந்தன் எழுந்து நின்று எடுத்தான்.

"தம்பி."

"சொல்லுங்கக்கா."

"மூணு நாளா சேலை பாக்குறியாமே."

உண்மையைச் சொல்லலாம். சேலை பார்க்கவில்லை, ஸ்பானிஷ் படிக்கிறேன் என்று சொல்லலாம். எதுக்கு என்று கேட்பார். டே ஷிப்ட் வேலைக்கு. ஏன், இப்போ என்ன ஷிப்ட்? அவ்வளவுதான். நைட் ஷிப்ட் என்று வாயிலிருந்து வந்தால் நாளைக் காலையில் அக்கா வாசலில் நிற்பார். மலர்விழியின் பை தயாராகிவிடும்.

"யாருக்குத் தம்பி சேலை?"

"உங்களுக்குத்தான்க்கா."

அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டத்துப் பூச்சிகளின் ஒலி கேட்டது.

"எனக்கா? என்னத்துக்கு?"

"தீபாவளிக்கு."

"தீபாவளிக்கு இன்னும் ஏழு மாசம் கெடக்கு."

"இப்பவே எடுத்தா கூட்டம் இருக்காதுக்கா."

"என்னா கலரு?"

முகுந்தனின் தலையிலிருந்து எல்லாத் தமிழ் நிறங்களும் ஒரே நேரத்தில் வெளியேறின. ஆங்கில நிறங்களும் கூடவே போய்விட்டன.

"மொராதோ."

"அது என்னா கலரு?"

"புதுசுக்கா. இப்பத்தான் வந்திருக்கு."

"ஓ" என்றார் அக்கா. "சரி. ஞாயித்துக்கெழம நானே வந்து பாக்குறேன்."

*

சனிக்கிழமை கடை திறக்கும்போதே முகுந்தன் வாசலில் நின்றான். கைப்பேசியில் ஊதாக் கட்டத்தை ரஃபீக்கிடம் காட்டினான்.

"இந்தக் கலர் வேணும். அவசரம்."

"கத்தரிப்பூ கலரா சார்? நெறைய இருக்கு."

"இதுக்கு வேற பேர் ஏதாவது இருக்கா? புதுசா?"

"பேர் எதுக்கு சார்? சேலை நல்லாருந்தா போதாதா?"

புனிதா ஒரு வார்த்தை கேட்காமல் பொட்டலம் கட்டினாள். முகம் பூரா சிரிப்பு. "நல்லபடியா நடக்கணும்ணே" என்றாள். முகுந்தன் டெஸ்டைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். நன்றி சொன்னான். இவளுக்கு எப்படித் தெரியும் என்று தெருவுக்கு வந்த பிறகுதான் யோசித்தான். யோசித்ததும் பயமாக இருந்தது. எனவே விட்டுவிட்டான்.

ஞாயிறு பதினோரு மணிக்குத் தனலெட்சுமி வந்தார். காப்பாரிலிருந்து கிள்ளான் ஸ்டேஷன் வரை மோட்டார் சைக்கிள். அங்கிருந்து ரயில். கையில் மரவள்ளிக்கிழங்கும் கருவாடும் நிறைந்த பை.

"பெரியம்மா!" என்று மலர்விழி ஓடினாள். "உங்க பை அமரீயோ! உங்க செருப்பு நெக்ரோ! சேலையில பூ ப்ளாங்கோ!"

அக்கா பையைக் கீழே வைத்தார். "என்னாடி பாஷை இது? யாரு சொல்லிக் குடுத்தா?"

"சோஃபியா."

"யாரு அது?"

"அப்பாகூடப் பேசுவாங்க. தெனம் சாயந்திரம். அப்பா சரியாச் சொன்னா கை தட்டுவாங்க."

அக்கா மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். "தமிழ்ப் பொண்ணா?"

"இல்ல பெரியம்மா. ஸ்பானிஷ்."

"அக்கா, அது ஆளே இல்ல" என்று முகுந்தன் சமையலறையிலிருந்து ஓடிவந்தான். கையில் கரண்டி. "ஃபோன்ல இருக்குறது."

"ஃபோன்ல இருக்குறவங்கதான் தம்பி இப்பல்லாம் வீட்டுக்கு வராங்க."

"இல்லக்கா, வேலை விஷயமா..."

"என்னா வேலை?"

கரண்டியிலிருந்து சாம்பார் சொட்டியது. பேச்சை மாற்றச் சேலைப் பையை எடுத்து நீட்டினான்.

அக்கா பிரித்தார். "இது கத்தரிப்பூ கலரு. எங்கம்மா காலத்துலேர்ந்து இருக்கு." பிறகு பைக்குள் கைவிட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். ஒரு மஞ்சள் கிழங்கு. குங்குமப் பொட்டலம். வெற்றிலை பாக்கு. ஒரு முழம் மல்லிகை.

கணவனை இழந்த அக்கா அந்த நான்கையும் பார்த்துக்கொண்டிருந்தார். முகுந்தன் அந்த நான்கையும் பார்த்துக்கொண்டிருந்தான். புனிதாவின் சிரிப்பு அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

"இத எனக்கா வாங்குனே?"

"கடையில வெச்சிட்டாங்கக்கா."

"கடைக்காரனுக்கே தெரிஞ்சிருக்கு."

சாப்பிட்டார்கள். மூன்று மணிக்கே அக்கா கிளம்பினார். செருப்பைப் போட்டபடி வாசலில் நின்றார். குரல் நடுங்கியது. கோபம் என்று முகுந்தன் நினைத்தான்.

"யாரு வந்தாலும் வரட்டும் தம்பி. நீ சின்ன வயசு. நான் குத்தம் சொல்லமாட்டேன். புள்ளைய மட்டும் என்கிட்ட விடு."

இந்தத் தடவை 'யோசி' என்று அவர் சொல்லவில்லை. முகுந்தன் கவனித்தான். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

"பாக்கலாம்க்கா."

லிஃப்ட் இறங்கிய பிறகு மலர்விழி வந்து அவன் சட்டையைப் பிடித்தாள்.

"அப்பா, நான் பெரியம்மா வீட்டுக்குப் போகணுமா?"

"இல்ல."

"ப்ராமிஸ்?"

அவன் அவளுடைய வலது பின்னலை அவிழ்த்து மறுபடியும் போட ஆரம்பித்தான்.

*

திங்கட்கிழமை காலை கண்ணாடி அறைக்குள் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தான். திரையில் ஓர் இளம்பெண் அட்டைகளைக் காட்டினாள். முதல் அட்டை சிவப்பு. முகுந்தன் கண்ணை மூடினான். மலர்விழி பென்சிலை நீட்டிச் சிரிப்பது தெரிந்தது. ரோஹோ என்றான்.

அதன் பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. இருபத்து நான்கு அட்டை. இருபத்து நான்கும் சரி. சாம்பலைச் சொன்னான். ஆரஞ்சைச் சொன்னான். அந்தப் பெண் போதும் என்று கையைக் காட்டிய பிறகும், அவள் போட்டிருந்த சட்டை, பின்னால் இருந்த சுவர், மேசைமேல் இருந்த கோப்பை எல்லாவற்றின் நிறத்தையும் சொன்னான். சட்டை பெண்பால் என்பதையும் கவுன் ஆண்பால் என்பதையும் எடுத்துச் சொன்னான். அவள் வாயைப் பிளந்தாள். கைதட்டினாள்.

முகுந்தன் எழுந்தான். முதுகு முழுக்க ஈரம். பதினாலு மாதத்தில் முதல்முறையாகப் பசித்தது. கீழே போய் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு வந்தான்.

இரண்டு மணிக்குக் குமுதா கூப்பிட்டார். கதவைச் சாத்தினார்.

"முகுந்தன், என் மெயில் படிச்சீங்களா?"

"படிச்சேன் மிஸ்."

"நாலு பக்கமும்?"

முகுந்தன் தலையாட்டினான்.

குமுதா திரையை அவன் பக்கம் திருப்பினார். இரண்டாம் பக்கம். பெரிய எழுத்து. "படிங்க. ஸ்பானிஷ் ஒரு வார்த்தைகூடத் தெரியாதவங்கதான் வேணும். புதுசாக் கத்துக்கறவங்க எங்க தடுமாறுறாங்கன்னு பாக்கத்தான் இந்த ப்ராஜெக்டே. தெரிஞ்சவங்கள வடிகட்டத்தான் அந்த டெஸ்ட்."

"மிஸ், போன செவ்வாய்க்கெழம வரைக்கும் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது."

"இப்போ?"

"மறந்துடறேன் மிஸ். இன்னைக்கே மறந்துடறேன்."

"எப்படி மறப்பீங்க? அந்தப் பொண்ணு மெயில் போட்டிருக்கா. இவ்ளோ சரியாச் சொன்ன ஆள இந்த ஏரியாவுலயே பாத்ததில்லையாம். அவ கேக்காமயே கவுன் ஆண்பால்னு சொன்னீங்களாமே." குமுதா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "உங்களுக்குச் சின்னப் பொண்ணு இருக்குன்னு முதல் பேரே உங்களதுதான் போட்டு வெச்சிருந்தேன். ரொம்பப் பேசாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க மிஸ்."

"ஒண்ணாந்தேதிலேர்ந்து நைட். நான் என்ன பண்ணட்டும்?"

*

டேகேரில் கேட்டான். இரவுக்கு ஆள் வைப்பதில்லை என்றார்கள். இரவில் வந்து தங்க யாராவது கிடைப்பார்களா என்று நான்கு பேரிடம் விசாரித்தான். ஒரு அம்மா வருவதாகச் சொன்னார். மறுநாள் வரவில்லை என்றார். வேறு வேலை தேடலாம். ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை மலர்விழியின் பையைக் கட்டினான். பள்ளிச் சீருடை இரண்டு. வீட்டு உடுப்பு ஐந்து. வண்ணப் பென்சில். சுகுணாவின் சின்னப் படம் ஒன்று. அவள் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அவள் அழுதிருந்தால் அவன் பையைப் பிரித்திருப்பான்.

கிள்ளான் தாண்டியதும் போக்குவரத்து குறைந்தது. முகுந்தன் மெதுவாக ஓட்டினான். பின்னால் வந்த லோரி ஹார்ன் அடித்தது. அக்கா என்ன சொல்வார் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டே போனான். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று ஆரம்பிப்பார். 'இப்பவாவது புத்தி வந்துச்சே' என்பார். 'நீ கவலப்படாம போ, அடிக்கடி வரவேணாம், புள்ள ஏங்கிடும்' என்பார். கடைசியாக நினைத்ததில் அவன் காரை ஓரமாக நிறுத்தவேண்டியிருந்தது.

"அப்பா, வந்துட்டோமா?"

"இன்னும் இல்ல."

தூரத்தில் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தன. மலர்விழி அவற்றின் நிறத்தைச் சொல்ல வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

அக்கா இரும்புக் கதவைத் திறந்தார். காரையும், பையையும், அவனையும் பார்த்தார். மலர்விழி அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

முகுந்தன் வழியில் சேர்த்துவைத்ததை ஒரே மூச்சில் சொன்னான். "அக்கா, ஒண்ணாந்தேதிலேர்ந்து எனக்கு நைட் ஷிப்ட். புள்ளையத் தனியா விடமுடியாது. நீங்க சொன்னதுதான் சரி. இவள உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன்."

பையை அவர் காலடியில் வைத்தான். அக்கா அதைத் தொடவில்லை.

"அந்த சோபியா பாத்துக்கமாட்டாளா?"

"அது ஃபோன்ல வர்ற பாடம்க்கா. டே ஷிப்ட் கெடைக்கும்னு படிச்சேன். கலரு பேரு பழகத்தான் சேலைக்கடைக்குப் போனேன். அதுவும் கெடைக்கல."

"அப்போ, நிச்சயதார்த்தம்?"

"ஒண்ணும் இல்லக்கா."

"அந்த வீட்டுக்கு யாரும் வரல?"

"யாரும் வரலக்கா."

அக்கா தலைவாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று முகுந்தனுக்குத் தெரியவில்லை. இதோ ஆரம்பிக்கப்போகிறார் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கண்ணைக்கூட மூடிக்கொண்டான்.

வழியெல்லாம் நினைத்ததில் ஒன்றையும் அக்கா சொல்லவில்லை. அவர் சொன்னது இதுதான்:

"பதினாலு மாசமா 'புள்ளைய என்கிட்ட விடு, என்கிட்ட விடு'ன்னு வாய் வலிக்கச் சொல்றேனே, 'எதுக்குக்கா அங்க தனியாக் கெடக்குறீங்க, இங்க வந்துடுங்க'ன்னு ஒரு தடவையாவது சொன்னியா நீ? தங்கச்சி இல்லாத வீட்டுக்கு நானா எப்படித் தம்பி பெட்டியத் தூக்கிட்டு வர்றது?"